டான்டிலியனை எப்படி எண்ணுவது?

ஐரோப்பாவில் எத்தனை வகைக் காட்டுச் செடிகள் இருக்கின்றன என்ற கேள்விக்கு இரண்டு பதில்கள் புழக்கத்தில் இருக்கின்றன. 1980-ல் முடிந்த ‘ஃப்ளோரா யூரோபியா’ என்ற ஐந்து தொகுதி நூலைக் கேட்டால் சுமார் 11,500 சிற்றினங்கள். 2011-ல் வந்த ஐரோப்பிய சிவப்புப் பட்டியலைக் கேட்டால் 20,000-லிருந்து 25,000 வரை. முப்பது வருஷத்தில் ஒரு கண்டத்துச் செடிகள் இரட்டிப்பாகிவிடுமா என்ன? புதிதாகக் கண்டுபிடித்தவை உண்டு, கிரேக்க மலைகளில் இன்னமும் கண்டுபிடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். இரண்டாவது கணக்கில் கேனரி, மதீரா தீவுகளும் சேர்கின்றன. ஆனால் இதையெல்லாம் கூட்டினாலும் அந்த இடைவெளி அடையாது. எதை ‘ஒன்று’ என்று எண்ணுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அந்தக் கோணத்திலிருந்து ஃப்ளோரா யூரோபியாவைக் கொஞ்சம் விமர்சித்துப் பார்க்கலாம் என்று இந்தப் பதிவு.

ஒரு நாட்டின் செடிகளையெல்லாம் வரிசைப்படுத்தி, கையில் இருக்கும் செடி இன்னது என்று கண்டுபிடிக்க வழி சொல்லும் புத்தகத்தைத் தாவரவியலில் ‘ஃப்ளோரா’ என்பார்கள். 1950-கள் வரை ஐரோப்பாவில் ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனி ஃப்ளோரா இருந்தது, கண்டம் முழுவதற்கும் ஒன்று இல்லை. ஒரே செடிக்கு எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு பெயர், அந்தப் பக்கம் வேறு பெயர். 1954-ல் பாரிஸில் நடந்த உலகத் தாவரவியல் மாநாட்டில் இதற்கு ஒரு முடிவு கட்டணும் என்று பேச்சு எழுந்தது. டியூட்டின், ஹேவுட், வால்டர்ஸ், வெப் முதலிய ஒரு சிறு குழு பொறுப்பேற்றது. 1964-ல் முதல் தொகுதி, அப்புறம் நான்கு வருஷத்துக்கு ஒன்றாக 1968, 1972, 1976, 1980. பனிப்போர்க் காலத்தில், சோவியத் தாவரவியலாளர்களையும் ஆலோசகர்களாக வைத்துக்கொண்டு, சொன்ன வேகத்தில் முடித்த காரியம் இது. இத்தனை பேரைக் கட்டி மேய்த்து ஒரு கூட்டு நூலை முடிப்பது எவ்வளவு கஷ்டம் என்பது ஒரு மலர் தொகுத்தவர்களுக்கே தெரியும்.

ஐந்து தொகுதியையும் முதல் பக்கத்திலிருந்து வரிசையாக வாசித்தேன் என்று சொன்னால் நம்பாதீர்கள். டெலிபோன் டைரக்டரியை யார் அப்படி வாசிப்பார்கள்? படம் கிடையாது. சுருக்கமான வருணனை, குரோமோசோம் எண், எந்தெந்த நாட்டில் கிடைக்கும் என்பதற்கு இரண்டெழுத்துக் குறி, அவ்வளவுதான். அந்தக் குறிகளும் லத்தீன் பெயர்களிலிருந்து எடுத்தவை. ஸ்பெயின் ஹிஸ்பானியா, பிரான்ஸ் கால்லியா, அயர்லாந்து ஹிபர்னியா. ஜூலியஸ் சீசர் எழுந்து வந்தாலும் வழி தவறாமல் படிப்பார். தேவையான பேரினத்தைத் திறந்து, அதன் திறவுகோல் வழியே படிப்படியாக இறங்குவது என்பது பழகினால் ஒரு தனி ருசி. இலை எதிரெதிரா, மாறி மாறியா? எதிரெதிர் என்றால் 4-க்குப் போ. காய் முடி உள்ளதா? 7-க்குப் போ.

இந்தப் புத்தகத்தின் மேல் எனக்கு இருக்கும் புகார் ஒன்றுதான். ‘சிற்றினம்’ என்ற ஒரே சொல்லை அது இரண்டு வெவ்வேறு சமாசாரங்களுக்குப் பயன்படுத்துகிறது. அது கூடப் பரவாயில்லை. ஒரு பேரினத்தில் ஒரு விதமாகவும் இன்னொன்றில் வேறு விதமாகவும் பயன்படுத்திவிட்டு, எல்லாவற்றையும் ஒரே கூட்டுத்தொகையில் சேர்த்துவிடுகிறது.

இதைப் புரிந்துகொள்ள டான்டிலியனிடம் போகவேண்டும். படத்திலாவது பார்த்திருப்பீர்கள். மஞ்சள் பூ, பிறகு வெள்ளைப் பஞ்சு உருண்டை, ஊதினால் விதைகள் குடை பிடித்துப் பறக்கும். தாவரவியலில் பேரினத்தின் பெயர் டராக்சகம். லின்னேயஸ் 1753-ல் ‘ஸ்பீஷீஸ் பிளான்டாரம்’ எழுதியபோது இந்தச் சாதாரணக் களைக்கு ஒரே ஒரு சிற்றினப் பெயர்தான் கொடுத்தார். இன்றைக்கு அந்தப் பேரினத்தில் 2,000-க்கு மேல் பெயர்கள் இருக்கின்றன. பிரிட்டனில் மட்டும் 200-க்கு மேல்.

காரணம் அதன் விதை. 1903-ல் டென்மார்க்கின் ரௌன்கியர் ஒரு எளிய சோதனை செய்தார். விரியாத டான்டிலியன் மொட்டின் மேல்பாதியைக் கத்தியால் சீவி எடுத்தார். மகரந்தப் பைகளும் போச்சு, சூல்முடிகளும் போச்சு. கீழே சூல்கள் மட்டும் மிச்சம். அப்படியும் விதை பிடித்தது! மகரந்தமே இல்லாமல், கருவுறாமல், தாயின் மரபணுக்களை அப்படியே சுமந்துகொண்டு விதை உண்டாகிறது. இதற்கு அப்போமிக்சிஸ் என்று பெயர். நாம் ‘கருவுறா விதை’ என்று வைத்துக்கொள்ளலாம். வட ஐரோப்பாவின் டான்டிலியன்கள் பெரும்பாலும் மும்மடியம், அதாவது இரண்டுக்குப் பதில் மூன்று தொகுதிக் குரோமோசோம்கள். மூன்றை இரண்டு சமபங்காகப் பிரிக்க முடியாததால் வழக்கமான ஆண்-பெண் கலப்பு அவற்றுக்குச் சரிவராது. தெற்கிலும் மத்திய ஐரோப்பாவிலும் ஒழுங்காகக் கலந்து விதைக்கும் இருமடிய டான்டிலியன்களும் உண்டு.

லின்னேயஸ் செடிகளை வகைப்படுத்தியதே மகரந்தத்தாள், சூலகம் என்று பாலுறுப்புகளை எண்ணித்தான். அந்த உறுப்புகளையெல்லாம் சீராக வளர்த்து, மஞ்சள் விரித்து, தேனீக்களுக்கு விருந்தும் வைத்துவிட்டு, கடைசியில் எதையும் உபயோகிக்காமல் விதை போடுகிற செடி அவர் வீட்டு வாசலிலேயே இருந்திருக்கிறது.

மெண்டலும் இதில் மாட்டியவர்தான். பட்டாணியில் 3:1 என்று அழகாகக் கணக்கு வந்தது, அந்தக் கட்டுரை 1866-ல் வெளியானது. அடுத்து ஹாக்வீட் என்கிற ஹியராசியம் செடிகளை எடுத்துக்கொண்டார். மியூனிக்கில் இருந்த நேகெலி அந்தச் செடிகளில் பெரிய ஆள், மெண்டல் அவருடன் கடிதத் தொடர்பில் இருந்தார். ஹாக்வீட் பூ, டான்டிலியன் மாதிரியே நுண்ணிய பல பூக்களின் கொத்து. அதில் கலப்புச் செய்ய லென்ஸும் கண்ணாடி வெளிச்சமும் வைத்துக்கொண்டு மல்லுக்கட்டி, கண்வலி வந்ததுதான் மிச்சம். கலப்பினங்களின் பிள்ளைகள் பட்டாணி மாதிரிப் பிரியவே இல்லை, தாயை அச்சில் வார்த்தது போல வந்தன. 1870-ல் அந்த முடிவையும் நேர்மையாக அச்சிட்டார். ஹாக்வீடும் கருவுறாமல் விதை போடும் செடி என்பது தெரிய வந்தபோது அவர் இறந்து இருபது வருஷம் ஆகிவிட்டது.

நமக்கு இது ஒன்றும் விளங்காத விஷயமில்லை. ரஸ்தாளி, பூவன், மொந்தன், நேந்திரன் எல்லாமே மும்மடிய வாழைகள். விதை கிடையாது, பக்கக்கன்றுதான். அதனால்தான் வாழையடி வாழை என்கிறோம். ருசி வேறு, தோல் வேறு, இலை வேறு, ஒரு தாரைப் பார்த்தே பேர் சொல்லிவிடலாம். ஆனாலும் இவற்றை ‘ரகம்’ என்கிறோமே தவிர தனித்தனிச் சிற்றினம் என்று யாரும் சொல்வதில்லை. டான்டிலியனும் வாழையடி வாழைதான். என்ன, கன்றுக்குப் பதிலாக விதையிலேயே அதைச் செய்கிறது. அந்த விதை காற்றில் பல மைல் போகிறது, போன இடத்தில் ஒற்றை ஆளாக நின்று ஒரு ஊரையே நிரப்புகிறது. எப்போதாவது ஒரு கலப்பு நடந்து புதுக் கோடு கிளம்பினால் அதுவும் அப்படியே நகலாகிப் பரவுகிறது. இந்த ஒவ்வொரு கோட்டுக்கும் பெயர் வைத்தால் அதுதான் ‘நுண்ணினம்’. பிளாக்பெர்ரி முட்புதர்களான ரூபஸ், ஹாக்வீட், ஆல்கெமில்லா, ஒயிட்பீம் மரங்களான சோர்பஸ் இவற்றிலும் இதே கதை, அல்லது இதற்குப் பக்கத்துக் கதை.

இப்போது புத்தகத்துக்கு வருவோம். 1968-ல் வந்த இரண்டாம் தொகுதி ரோஜாக் குடும்பத்திலிருந்து தொடங்குகிறது. அதில் ரூபஸ் இருக்கிறது, ஆல்கெமில்லாவும் இருக்கிறது. இரண்டிலும் கருவுறா விதைதான், இரண்டும் ஒரே குடும்பம். ரூபஸில் என்ன செய்திருக்கிறார்கள்? எல்லா நுண்ணினங்களையும் சொல்லி மாளாது என்று ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு பிரதிநிதியைத் தேர்ந்தெடுத்து, மற்றவை அதைச் சுற்றி இருப்பதாக விட்டுவிட்டார்கள். சில பக்கம் தள்ளிப் போனால் ஆல்கெமில்லா. அங்கே நூற்றுக்கு மேற்பட்ட நுண்ணினங்கள் முழுச் சிற்றின மரியாதையோடு, எண் போட்டு, திறவுகோலோடு நிற்கின்றன. உயிரியலில் இவற்றுக்குள் அப்படி என்ன வித்தியாசம் என்று தேடினால் ஒன்றும் அகப்படவில்லை. எழுதியவர் வேறு, அவ்வளவுதான். ஆல்கெமில்லாவை எழுதியவர்களில் ஒருவர் மாக்ஸ் வால்டர்ஸ். அவர் ஆல்கெமில்லா நிபுணர், கூடவே நூலின் பதிப்பாசிரியர்களில் ஒருவர். நான்காம் தொகுதியில் டான்டிலியன் பழையபடி பிரதிநிதி முறைக்குத் திரும்பிவிடுகிறது. பிரிவுக்குச் சில பெயர்கள் மட்டும்.

சிற்றினம் என்றால் உருவத்தால் வரையறுக்க முடிய வேண்டும் என்பது நூலின் பொது விதி. நல்ல விதிதான். ஆனால் ஆல்கெமில்லா நுண்ணினங்களை இலைக்காம்பின் மயிர் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது வரை பார்த்து உருவத்தால் வரையறுக்க முடிகிறது என்றால், ரூபஸையும் முடியும். அதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். ரூபஸ் ஆராய்ச்சிக்கு ‘பேட்டாலஜி’ என்றே பெயர். வௌவாலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, கிரேக்க மொழியில் ‘பாட்டோஸ்’ என்றால் முட்புதர். ஆக, ஆள் கிடைத்த இடத்தில் சிற்றினம், கிடைக்காத இடத்தில் வட்டம் என்று ஆகிவிட்டது. கூட்டுத்தொகையில் மட்டும் எல்லாம் ஒன்று, ஒன்று, ஒன்று.

இதே வால்டர்ஸ்தான் 1961-ல் ஒரு கட்டுரையில், இன்றைய பூக்கும் தாவர வகைப்பாட்டின் வடிவத்தில் இயற்கை மட்டுமல்ல, ஐரோப்பியர்களின் பழக்கமும் லின்னேயஸ் வழி வந்த வரலாறும் கலந்திருக்கிறது என்று வாதிட்டவர். வேறு நிலத்தில் பிறந்த தாவரவியல் வேறு பேரினங்களைக் கண்டிருக்கும் என்கிற ரீதியில் போகும் வாதம். அந்த நோய்க்கூறை அவ்வளவு துல்லியமாகச் சொன்னவர் தன் சொந்தப் பேரினத்தில் அதற்கு ஒரு உதாரணமும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். எனக்கு அவர் மேல் மரியாதை குறையவில்லை. ஆல்கெமில்லா பகுதி தனியாகப் பார்த்தால் நூலின் மிகச் சிறந்த பகுதிகளில் ஒன்று.

ரூபஸ்காரர்கள் பின்னால் தங்களுக்கு ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டார்கள். ஜெர்மனியின் வெபர் சொன்ன யோசனை: ஒரு முட்புதர் வகை குறைந்தது 50 கிலோமீட்டர் குறுக்களவுக்காவது பரவியிருந்தால்தான் அதற்குப் பெயர். ஒரே ஒரு வேலியோரத்தில் மட்டும் இருப்பதற்கெல்லாம் பெயர் வைக்க ஆரம்பித்தால் முடிவே கிடையாது. நடைமுறைக்கு நல்ல விதி, நான் ஆதரிக்கிறேன். ஆனால் இதை ஒயிட்பீம் மரங்களுக்குப் போட்டுப் பாருங்கள். வேல்ஸில் மெர்தர் டிட்வில் அருகே சுண்ணாம்புப் பாறைச் சரிவுகளில் சோர்பஸ் லேயானா என்ற மரம் இருக்கிறது. காட்டில் மொத்தமே 20-க்கும் குறைவு. உலகில் வேறெங்கும் கிடையாது. இது சிற்றினம், உலகின் அரிய மரங்களில் ஒன்று என்று எல்லாப் பட்டியலிலும் இருக்கிறது. முட்புதராக இருந்திருந்தால் வெபரின் விதிப்படி இதற்குப் பெயரே கிடைத்திருக்காது.

டெவன் மாவட்டத்தின் வாட்டர்ஸ்மீட்டில் இன்னொரு ஒயிட்பீம். அங்கே ஒரு மரத்தில் ‘இங்கே வண்டி நிறுத்தாதே’ என்று பலகை அடித்திருந்தார்கள். செடி ஆட்கள் பேச்சுவழக்கில் ‘நோ பார்க்கிங் மரம்’ என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2009-ல் அதைத் தனிச் சிற்றினமாக அறிவித்தபோது வைத்த பெயர் சோர்பஸ் அட்மோனிடார், லத்தீனில் எச்சரிக்கிறவர். இந்த மாதிரிக் குறும்புக்காகவே தாவரவியலாளர்களை மன்னித்துவிடலாம்.

குறும்பு ஒருபக்கம் இருக்கட்டும். இந்த எண்ணும் முறையால் பாதிக்கப்படுவது வரைபடம். பனியூழியில் வட ஐரோப்பாவைப் பனிப்பாறை வழித்துத் துடைத்துவிட்டது. அங்கிருக்கும் செடிகள் பெரும்பாலும் பனி விலகியபின் வந்து குடியேறியவை. தெற்கே, பால்கன் மலைகளிலும் ஐபீரியாவிலும், மலைக்கு மலை தனித்து நின்று லட்சக்கணக்கான வருஷம் பிரிந்து வளர்ந்த செடிகள் இருக்கின்றன. கருவுறா விதைச் செடிகளோ வடக்கிலும் உயரத்திலும், அதாவது பனி துடைத்த நிலத்தில்தான் அதிகம். ஒற்றை விதை போதும், துணை தேட வேண்டாம், காலி நிலம் என்றால் முதலில் போய் உட்கார்ந்துவிடும். ஆக நுண்ணினங்களை முழுசாக எண்ணினால் வடக்கு வீங்கும், எண்ணாமல் விட்டால் தெற்கு தனித்துத் தெரியும். பிரிட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். ரூபஸ் 300-க்கு மேல், டராக்சகம் 200-க்கு மேல், ஹியராசியம் 400-க்கு மேல். மூன்றே பேரினங்களில் 900-க்கு மேல் வந்துவிட்டது. மற்ற உள்நாட்டுச் செடிகள் அத்தனையையும் கூட்டினால் சுமார் 1,500-தான்.

கிரேக்கத்தின் ஒலிம்பஸ் மலையில் ஜான்கேயா ஹெல்ட்ரெய்கி என்று ஒரு சின்னச் செடி. பாறை இடுக்கில் வெள்ளி மயிர் போர்த்திய இலைகளோடு ஒட்டிக்கொண்டிருக்கும், இளம் ஊதாப் பூ. நம் வீட்டுத் தொட்டிகளில் வளர்க்கும் ஆப்பிரிக்கன் வயலெட்டின் குடும்பம். அந்தக் குடும்பம் பெரும்பாலும் வெப்பநாடுகளுக்கு உரியது, ஐரோப்பாவில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலவே மிஞ்சியிருக்கின்றன. ஜான்கேயா என்ற பேரினத்தில் இது ஒன்றேதான். ஐரோப்பா இப்போதையதைவிட வெப்பமாக இருந்த காலத்தின் மிச்சம். இது பட்டியலில் ஒன்று. டென்மார்க்கின் ஒரு புல்வெளியில், பக்கத்துச் செடியிலிருந்து இலைப் பல்லின் வளைவில் மட்டும் வேறுபடும் ஒரு டான்டிலியனும் ஒன்று. இரண்டையும் கூட்டினால் இரண்டு. கணக்கு சரி. ஆனால் எதைக் கூட்டினோம் என்று கேட்டால் பதில் இல்லை.

அப்படியானால் நுண்ணினங்களைத் தூக்கிப் போட்டுவிடலாமா? இந்த இடத்தில்தான் எனக்கும் தயக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் லியோன் நகரில் அலெக்சி ஜோர்தான் என்று ஒருவர் இருந்தார். ட்ராபா வெர்னா என்ற, விரலளவு கூட இல்லாத வெள்ளைப்பூச் செடியைப் பல ஊர்களிலிருந்து கொண்டுவந்து தன் தோட்டத்தில் வருஷக்கணக்கில் பயிரிட்டார். ஒவ்வொரு ஊர்ச் செடியும் தன் சிறு வேறுபாட்டைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றுவதைப் பார்த்து, லின்னேயஸின் அந்த ஒரு சிற்றினத்தை சுமார் 200-ஆகப் பிரித்தார். ஒவ்வொன்றும் கடவுள் தனித்தனியாகப் படைத்தது என்பது அவர் நம்பிக்கை. சக தாவரவியலாளர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். நம்பிக்கையை விடுங்கள், அவர் கண்டது பொய்யில்லை. அந்தச் செடி தன் மகரந்தத்தாலேயே கருவுறும், அதனால் கோடுகள் மாறாமல் வரும். சொல்லப்போனால் ஒரு நுண்ணினம், சாதாரணச் சிற்றினத்தைவிட நன்றாக வரையறுக்கப்பட்டது. எல்லாச் செடியும் ஒன்றுபோல் இருக்கும், எல்லை தெளிவு. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து தீவுகளின் ஹாக்வீட்கள் ஆடு எட்டாத பாறைகளிலும் ஏரித் திட்டுகளிலும் ஒதுங்கி வாழ்கின்றன. அவற்றில் ஒன்று அழிந்தால் ஏதோ ஒன்று நிஜமாகவே போய்விடுகிறது. அது ‘சிற்றினம்’ இல்லை என்று சொல்லி நம் மனசைத் தேற்றிக்கொள்ள முடியாது.

இதில் எனக்குப் பிடித்த வழி 2005-ல் ரிச்சர்ட் என்னோஸும் அவர் சகாக்களும் எழுதியது. இந்த மாதிரிக் குழம்பிய கூட்டங்களில் ஒவ்வொரு பெயரையும் தனித்தனியாகக் காப்பாற்றப் பார்க்காதே, அந்தப் பெயர்களை உண்டாக்கிக்கொண்டிருக்கும் நிகழ்வைக் காப்பாற்று என்கிறார்கள். ஸ்காட்லாந்தின் ஆரன் தீவு இதற்கு நல்ல உதாரணம். அங்கே சாதாரண ரோவன் மரமும் ஒரு பாறை ஒயிட்பீமும் கலந்து சோர்பஸ் அரனென்சிஸ் வந்தது. அது மறுபடி ரோவனோடு கலந்து சோர்பஸ் சூடோஃபென்னிகா. அதுவும் ரோவனோடு கலந்து இன்னொன்று. மூன்றும் அந்தத் தீவைத் தவிர வேறெங்கும் இல்லை. ரோவனோ எங்கும் இருக்கும் மரம், எந்த அபாயப் பட்டியலிலும் வராது. பட்டியலில் உள்ள மரத்துக்கு மட்டும் வேலி போட்டுவிட்டு, பள்ளத்தாக்கின் ரோவன்களை யாரும் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும்? இருக்கிற மரங்கள் கொஞ்ச நாள் பத்திரமாக நிற்கும், அடுத்த மரம் பிறக்காது. சிற்றினப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு வேலை செய்கிற அதிகாரிக்கு ரோவன் கண்ணிலேயே படாது. ஃப்ளோரா யூரோபியா போன்ற நூல்கள் ‘இது ஒன்று’ என்பதோடு ‘இது எப்படி விதைக்கிறது’ என்பதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் பட்டிருக்கும். குரோமோசோம் எண்ணுக்கு அத்தனை இடம் ஒதுக்கியவர்கள் இதற்கு ஒரு குறியீடு ஒதுக்கியிருக்கலாம். சில பேரினங்களின் முன்னுரைக் குறிப்பில் இருக்கிறது, ஆனால் குறிப்பு யார் கணக்கிலும் ஏறுவதில்லை.

கருவுறா விதைச் செடிகளில்தான் இந்தத் தகராறு என்றும் நினைக்கவேண்டாம். ஓஃப்ரிஸ் ஆர்க்கிட்களின் பூ பெண் தேனீ மாதிரி இருக்கும், ஆண் தேனீ ஏமாந்து வந்து மகரந்தம் சுமந்து போகும். முறையான கலப்புதான். பியர் டெலஃபோர்ஜ் தன் ஆர்க்கிட் கையேட்டில் அவற்றை 250 சிற்றினங்களாகப் பிரித்தார். மரபணுவைப் பார்த்த ரிச்சர்ட் பேட்மன் குழுவினர் சுமார் 10 என்கிறார்கள். கிழக்கே போனால் கொமரோவின் சோவியத் ஃப்ளோரா, 30 தொகுதிகள். நிலப்பரப்புக்கு நிலப்பரப்பு மாறும் ஒவ்வொரு வடிவமும் அங்கே தனிச் சிற்றினம். ஃப்ளோரா யூரோபியா அவற்றில் பலவற்றைத் துணையினமாக இறக்கியது. இந்த விஷயத்தில் எனக்குப் பதிப்பாசிரியர்கள் பக்கம்தான் சாய்வு. எங்கே வெட்டுவது என்று யோசித்து, ஒரே அளவுகோலை ஓரளவு விடாமல் பிடித்திருக்கிறார்கள்.

பிற்பாடு வந்த இரண்டு பிரிட்டிஷ் நூல்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சிக்கல் தீரவில்லை என்பது தெரியும். கிளைவ் ஸ்டேஸின் ‘பிரிட்டிஷ் தீவுகளின் புதிய ஃப்ளோரா’ 1991-ல் வந்து, 2019-ல் நான்காம் பதிப்பு கண்டது. களத்துக்கு எடுத்துப் போக அதுபோல ஒன்று கிடையாது. ரூபஸ், டராக்சகம், ஹியராசியம் மூன்றையும் பிரிவு அளவில் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார். இன்னொன்று பீட்டர் செல்லும் ஜினா மரலும் எழுதிய ஐந்து தொகுதி. கடைசித் தொகுதி 1996-ல் முதலில் வந்தது, முதல் தொகுதி 2018-ல் கடைசியாக வந்தது, செல் இறந்து ஐந்து வருஷம் கழித்து. அதில் எல்லா நுண்ணினமும் முழு வருணனையோடு இருக்கின்றன. ஃப்ளோரா யூரோபியாவில் ஹாக்வீடும் டான்டிலியனும் எழுதியவர்களில் இதே செல்லும் ஒருவர். அங்கே அடக்கி வாசித்ததை இங்கே ஆசை தீர எழுதியிருக்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது. முன்னதில் நுண்ணினம் கண்ணில் படுவதில்லை, பின்னதில் நுண்ணினமும் சிற்றினமும் ஒரே உயரத்தில் நிற்கின்றன. எனக்கு ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் ஸ்டேஸ். ஆனால் ஷெட்லாந்துக்குக் கப்பல் ஏறுவதாக இருந்தால் செல்லைத்தான் கேட்டு வாங்கிப் போவேன்.

ஃப்ளோரா யூரோபியாவைத் திருத்தி எழுதத் தொடங்கி, 1993-ல் முதல் தொகுதியின் புதுப் பதிப்பு வந்தது. அதோடு சரி, மற்ற நான்கும் பழையபடியேதான். வேலை இப்போது பெர்லின் தாவரவியல் பூங்கா பராமரிக்கும் யூரோ-மெட் என்ற இணையத் தரவுதளத்துக்கு நகர்ந்துவிட்டது. அங்கே பிரதிநிதி முறையெல்லாம் இல்லை. டராக்சகத்தைத் திறந்தால் பெயர்கள் திரை திரையாக இறங்கிக்கொண்டே போகின்றன, பிரிவுவாரியாக, நாடுவாரியாக. நுண்ணினத்தை நுண்ணினம் என்று குறிக்க அந்தப் பட்டியலில் ஒரு தனிக் கட்டம் சேர்ப்பது கணினியில் பெரிய வேலை இல்லை. அதைச் சேர்த்துவிட்டு, பிறகு ஐரோப்பாவில் எத்தனை என்று கேட்டால் இரண்டு எண்கள் வரும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடலாம்.